சும்மா இடம் பார்க்க

விமானம் பார்க்கப் போகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது காற்று. காற்றை எதிர்த்துத்தான் விமானம் இறங்கும். தேவனஹள்ளியில் இரண்டு ஓடுதளங்களும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கிலிருந்து வந்து இறங்கும், பனிக்காலத்தில் மேற்கிலிருந்து. அதனால் சீசனுக்கு ஏற்றபடி நாமும் இடம் மாறணும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஓடுதளத்துக்குத் தெற்கே நின்றால்தான் வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி படத்தைக் கலங்கடித்துவிடும். இறங்கும் சரிவு மூன்று டிகிரி. ஓடுதள முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றால் தலைக்கு மேல் சுமார் 120 மீட்டரில் போகும். வயிற்றில் படிந்த எண்ணெய்க் கறைகூடத் தெரியும்.

ஓசூரிலிருந்து அங்கே போக பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடக்கணும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எழுந்து போகிறவனை வீட்டில் பைத்தியம் என்கிறார்கள், பரவாயில்லை. உள்ளூரில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் உண்டு, ஆனால் மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது.

அதனால்தான் 2024 ஜூன் 27 அன்று, ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் இன்னொன்று வரக்கூடாது என்ற சிக்கல் தெரியும். இருந்தாலும் பாகலூர், பேரிகைப் பக்கம் என்று பேச்சு அடிபட்டதும் ஒரு ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இல்லாத ஓடுதளத்துக்குத் தெற்கே எங்கே நிற்கலாம் என்று பார்க்க! ட்ரைபாடைக்கூட விடவில்லை.

தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார்.

"எந்த ஆபீஸ் சார்? அளக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. சும்மா இடம் பார்க்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓசூரில் இடம் பார்க்க வருகிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ புரோக்கரா?"

2001இல் கிரீஸின் கலமாட்டாவில், விமானங்களைக் குறித்துக்கொண்டிருந்த 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்தார்கள். மறுவருஷம் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். எங்கள் வட்டத்தில் அடிக்கடி பேசப்படும் கதை. அரசாங்கம் நம்மைச் சந்தேகப்படும் என்பதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அரசாங்கத்தின் ஆள் என்று ஒருவர் சந்தேகப்படுவார் என்பதை யோசிக்கவே இல்லை.

போனில் படங்களைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எந்த ஊரு?" தேவனஹள்ளி என்றேன். "அங்க சக்கோத்தா நல்லா காய்க்குமே" என்றார்.

புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. இத்தனை வருஷம் அங்கே நின்றும் ஒரு சக்கோத்தா மரத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. என் படங்களில் விமானத்துக்குக் கீழே எதுவும் இருக்காது, வானம்தான். அப்படித்தான் வெட்டுவேன்.

பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் இதுவரை என் வாதம். வேட்டையாடுகிறவன் உயிரை எடுக்கிறான், நான் படம் எடுக்கிறேன். அந்த வாதம் இப்போதும் பாதி சரி என்றே நினைக்கிறேன். நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விமானம் இறங்கும், என் கேமரா ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கையகப்படுத்தாது. இடிக்கிற இடம் வேறு. அறிவிப்பு வந்த அன்று நான் ஆசைப்பட்டேன், 2,000 ஏக்கர் என்ற எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டேதான் ஆசைப்பட்டேன். அது யாருடைய ஏக்கர் என்று கேட்கத் தோன்றவில்லை. பரந்தூர் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரத்துக்காரர்கள் போராடுவதைச் செய்தியில் படித்தவன்தான் நான். ஒருத்தன் ஆசைப்பட்டு விமான நிலையம் வந்துவிடாதுதான். ஆனால் 'மக்கள் விரும்புகிறார்கள்' என்று மேடையில் சொல்லும்போது அந்தக் கணக்கில் நானும் ஒரு தலை.

உடனே கட்சி மாறி 'வேண்டாம்' என்று எழுதுவது சுலபம். அதில் இருக்கும் போலித்தனமும் தெரிகிறது. தேவனஹள்ளியில் நான் போய் நிற்பதற்கு முன்பே யாரோ நிலத்தை விட்டுப் போயாச்சு, அவர் முகம் எனக்குத் தெரியாது, அதனால் உறுத்தலும் இல்லை. எனக்குச் சம்பளம் தரும் இந்த ஊரே எழுபதுகளில் சிப்காட் வந்து வளர்ந்த ஊர். அதற்கு முன் அங்கேயும் ராகியோ அவரையோ இருந்திருக்கும்.

கிளம்பும்போது பெரியவர் பை நிறைய தக்காளி கொடுத்தார், காசு வாங்கவில்லை. "வந்துடுமா சார்?" என்று மட்டும் கேட்டார். தெரியலைங்க என்றேன். உங்களுக்கு வரணுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கணும், அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

அந்த மேட்டை அன்றைக்கே மேப்பில் குறித்து வைத்திருந்தேன், 'தெற்கு, காலை வெளிச்சம்' என்று பெயர் போட்டு. இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை.