சுர்ப்போன் வைக்கும் முறை



இமயத்துக்கு அப்பால், பௌத்தரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் லடாக் பிரதேசத்தில், லே நகர் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. ஆண்டு முழுதும் சேர்த்தால் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். எங்கு நோக்கினும் மண்ணும் பாறையுமே. அங்கும் வாற்கோதுமை விளைகின்றது! ரஹ்மானாகிய அல்லாஹ் மலையுச்சியில் உறைபனியாய் வைத்திருப்பதைக் கோடையில் உருக்கி, ஓடைகளாக இறக்குகின்றான். குடியானவர்கள் அதை இரவில் ‘ஜிங்’ என்னும் சிறு குளங்களில் தேக்கிப் பகலில் பாய்ச்சுவர். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பதென்று முறை வைப்பவர் ‘சுர்ப்போன்’, ஊரார் நியமித்தவர். மேல்வயல்காரராயினும் முறைக்குக் கட்டுப்பட்டவரே.

மதீனாவில் மஹ்ஸூர் ஓடைநீர் குறித்து நமது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த தீர்ப்பையும் நினைவுகூர்வோம்: மேல்வயலில் கணுக்கால் அளவு நின்றதும் கீழ்வயலுக்கு விட்டுவிட வேண்டும். தராசு பிடிக்கும் நமக்கு இந்தக் கணக்கு நன்கு விளங்கும்.

இன்றோ, லேயில் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளுக்காக ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. நீர் வேண்டாத பழைய கழிப்பிடம் போய், நீர் ஊற்றும் கழிப்பிடம் வந்தது. ஓடைக்குச் சுர்ப்போன் உண்டு. பூமிக்கடியில் உறிஞ்சும் குழாய்க்கு முறை வைப்பவர் யார்?

நமது பள்ளிவாசலிலும் பாருங்கள். குழாயைத் திறந்துவிட்ட பிறகு சட்டைக் கையை மடிப்போர் எத்தனை பேர்! நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத், அதாவது இரு கை கொள்ளுமளவு நீரில் ஒளுவை முடித்தார்கள். இங்கே கை மடித்து முடிவதற்குள் அதற்கு மேலேயே சாக்கடைக்குப் போய்விடுகின்றது.