எந்த லூப் வேகம்?

புரோகிராமிங் பழகுகிறவர்கள் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: ஒரு அரே முழுவதையும் பார்த்துவர எந்த லூப் வேகமானது? ஜாவாஸ்கிரிப்டில் ஃபார், ஃபார்ஈச், ஃபார் ஆஃப் என்று பல வழிகள் இருப்பதால் விவாதம் ஓய்வதில்லை. அரேயின் நீளத்தை முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டால் வேகம் கூடும் என்ற பழைய அறிவுரையும் கூடவே வரும். இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலும் அதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது லூப்பின் பெயரை அல்ல. எத்தனை உறுப்புகளைத் தொடுகிறோம், எந்த ஒழுங்கில் தொடுகிறோம் என்பதை.

ஒரு லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடுகிறோம். மூன்றாவது இடத்திலேயே கிடைத்துவிட்டது. ஃபார் என்றால் பிரேக் போட்டு வெளியே வந்துவிடலாம். ஃபார்ஈச்சில் பிரேக் கிடையாது. மிச்சம் 99,997 பெயர்களையும் பார்த்துத்தான் முடிக்கும்.

ஒழுங்கின் கதை இதைவிடச் சுவையானது. சி மொழியில் 10,000 கிடைவரிசை, 10,000 நெடுவரிசை கொண்ட ஒரு அரே. மொத்தம் பத்துக் கோடி முழு எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட். இவை எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். சி இவற்றைக் கிடைவரிசை கிடைவரிசையாக மெமரியில் அடுக்குகிறது. ஓர் எண்ணைக் கேட்டால் பிராசஸர் அதை மட்டும் எடுத்துவருவதில்லை. பல கணினிகளில் 64 பைட்டைச் சேர்த்து, கேஷ் என்ற சிறிய, வேகமான மெமரிக்குள் கொண்டுவருகிறது. அதாவது 16 எண்கள். கிடைவரிசைப்படி போனால் பதினாறும் பயன்படும். உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றி நெடுவரிசைப்படி இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் 40,000 பைட் தாண்ட வேண்டும். வந்த பதினாறில் ஒன்றுதான் அப்போதைக்கு உதவும். மற்றவை மறுபடி தேவைப்படும் நேரத்தில் கேஷிலிருந்து வெளியேறியிருக்க வாய்ப்பு அதிகம். கூட்டல்களின் எண்ணிக்கை அதே, விடையும் அதே. நேரம் மட்டும் பல மடங்கு ஆகலாம். ஃபோர்ட்ரானில் இது அப்படியே தலைகீழ்: அங்கே நெடுவரிசைதான் சேர்ந்தாற்போல் இருக்கும்.

இதை அளந்து பார்க்க விரும்புகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டுத்தொகையைக் கடைசியில் அச்சிடுங்கள். யாருக்கும் பயன்படாத கூட்டல் என்று தெரிந்தால் கம்பைலர் லூப்பையே தூக்கிவிடலாம். அப்போது கடிகாரம் கிட்டத்தட்ட சுழியத்தைக் காட்டும்.