ஓலைக்கு வாய் கிடையாது

2016 மே 16, தமிழக வாக்குப்பதிவு முடிந்த மாலை. டிவியில் வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை திமுகதான் என்றன. 19ஆம் தேதி அதிமுக 134 இடங்களில் ஜெயித்தது. மாதிரி தப்பு, கணக்கு தப்பு என்று ஆளாளுக்குப் பிரித்து மேய்ந்தார்கள். எனக்கு வேறொரு சந்தேகம். ஜனங்களில் கொஞ்சம் பேர் பொய் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால், அது தப்பா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாவும் கூலியும் முதலாளி கையில். டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து, "அண்ணே, ஓட்டு யாருக்கு?" என்கிறான். பக்கத்தில் முதலாளியின் ஆள். இவர் நாடாவை நிறுத்தாமல் ஏதோ ஒரு கட்சியைச் சொல்கிறார். "சொல்ல மாட்டேன்" என்று சொல்லலாமே என்பீர்கள். அந்த இடத்தில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் முறை. புள்ளியியல்காரர்கள் மாதிரி எடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் ஓலைக்கு வாய் கிடையாது. குலுக்கலில் வந்த மனுஷனுக்கு உண்டு, பயமும் உண்டு.

கொலைகாரன் கேட்டாலும் பொய் கூடாது என்றார் காண்ட். குற்றமில்லாத நன்மை தந்தால் பொய்யும் வாய்மைதான் என்றார் வள்ளுவர். நெசவாளியின் பொய்யில் குற்றமே இல்லையா? அடுத்த தெருவில் துணிந்து உண்மை சொன்னவரின் குரல் அதனால் கொஞ்சம் அமுங்கிப்போகிறது. டேட்டாவை வைத்துப் பிழைக்கிற எனக்கு அந்தக் 'கொஞ்சம்' உறுத்துகிறது. ஆனாலும் முதலாளியின் ஆளை அங்கே நிற்க விட்டுக் கேள்வி கேட்டவன் மேல்தான் எனக்குக் கோபம்.