பொறுத்துப்போவதும் பொறுத்துக்கொள்வதும்

தனித்து நிற்கையில் ஒரு பொருளும், கூடி நிற்கையில் வேறொரு பொருளும் தருவது சொல்லின் இயல்பு. ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் வைத்தல். ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் வீடு எழுப்புதலையும் குறிக்கும். ஒருவருக்குத் தங்க இடமளித்தலையும் குறிக்கும். ‘வித்’ என்னும் சிறுசொல்லும் உடன் சேர்ந்து ‘புட் அப் வித்’ ஆகிவிட்டாலோ, ‘சகித்துக்கொள்ளுதல்’ என்று பொருள் அடியோடு மாறிவிடுகிறது. அகராதியில் மூன்றையும் தனித்தனியே தேடும் மாணவருக்கு இது அகப்படாது.

அதனை ஆளுவதிலும் நுட்பம் உண்டு. வெயிலையோ இரைச்சலையோ சகித்துக்கொள்வதாக இத்தொடரால் சொல்லலாம். அண்டை வீட்டாரின் முகத்துக்கு நேரே சொன்னால், ‘நீங்கள் எமக்குத் தொல்லை’ என்னும் முறையீடே அதில் ஒலிக்கும்.

இத்தொடரின் மூன்று பொருள்களும் ஒன்றாய்க் கூடிய ஊர், பூவிருந்தவல்லியை அடுத்த குத்தம்பாக்கம். 1997-98-இல் தமிழக அரசு தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் 100 வீடுகள். அவற்றுள் 40 ஆதிதிராவிடர்க்கு. 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமியின் முயற்சியால் இங்கே இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பாதியில் தலித் குடும்பம். மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். நடுவே இருவருக்கும் பொதுவாய் ஒரே சுவர்.

வீடு எழுப்பச் செங்கல் போதும். குடியமர்த்த அரசாணை போதும். அச்சுவரின் இருபுறமும் மனிதர் எவ்வாறு வாழ வேண்டும் என்பதை எந்த ஆணை வகுக்கும்? வெறும் சகிப்பு போதுமா?

இங்கே நம் தமிழ் துணைக்கு வருகிறது. ‘பொறு’ என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருள் உண்டு. அதனோடு ‘போ’ சேர்ந்தால், வேறு வழியின்றித் தலைகுனிந்து நகர்வது. ‘கொள்’ சேர்ந்தால், மனமுவந்து தன்மேல் ஏற்பது. காலங்காலமாகப் பொறுத்துப்போகும்படி அறிவுரை கேட்டவர்கள் ஒடுக்கப்பட்டோரே. தேநீர்க் கடையின் தனிக்குவளையையும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே பிரித்த சாதிச் சுவரையும் அவர்கள்தாம் சுமந்தார்கள். அதனைப் பொறுமை என்னும் புண்ணியமாகப் போற்றுவது தகுமா?

அண்டை வீட்டுக் குழந்தையின் அழுகை, பழகாத சமையல் மணம், நமக்கு ஒவ்வாத பேச்சுமுறை ஆகியவற்றை இரு வீட்டாரும் பொறுத்துக்கொள்ளட்டும். சுமை இருபுறமும் இருந்தால் அது உறவாகக் கனியும். இழிவுபடுத்தலோ அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆங்கிலேயரும் இத்தொடரை ‘இனிப் பொறுக்கமாட்டோம்’ என்று எதிர்மறையிலும் அடிக்கடி ஆளுகின்றனர். அயலாரின் குறையைப் பொறுத்துக்கொள்வோம். அவருக்கு இழைக்கப்படும் அநீதியைப் பொறுத்துப்போகாதிருப்போம். இவ்விரண்டையும் பகுத்தறிவதே அன்பின் முதல் இலக்கணம்.