போக வர டிக்கட்

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு வேன் வந்தால் லயத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன விஷயம்?" கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன், முன்னேஸ்வரத்துத் தேர், கொழும்புப் பெரியாஸ்பத்திரி, பதுளையில் ஒரு சாவு, நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணம் என்று காரணம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கடலைப் பார்த்துவிட்டு வரப்போகிறோம் என்று மட்டும் சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு யோசனை ஓடும். அது பொறாமையில்லை. ஒரு நாள் காலை ஆள்கணக்கான பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்ற கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். காரணமில்லாத பயணத்தை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது? நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடி, அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் ஓர் ஆள் இந்தியா போய்வர விமான டிக்கட் எடுப்பதென்றால் பல கிழமை உழைப்பு அதற்கே போய்விடும்.

நான் ஆசிரியை. என் கணவருக்கும் மாதச் சம்பளம். ஆனால் பால் வெட்டியும் கொழுந்தெடுத்தும் எங்களை வளர்த்த அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவரோடு அந்தப் பழைய கணக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் லீவில் இராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் போய்வரலாம் என்று நாங்கள் பேச்செடுத்தபோது அம்மா கேட்டார்: "அந்தக் கரைக்கா? அங்க போய் அழுறதுக்கா காசு சேத்தீங்க?"

பயணம் முழுக்க அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

எங்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து கடல் எட்டாத தூரத்தில் இல்லை. இறக்குவானையிலிருந்து தெனியாய வழியாகத் தெற்கே இறங்கினால் காலி. எட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டவிலோ பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் கொழும்பு. அப்படியிருந்தும் அம்மா முதன்முதலில் கடலைக் கண்டது கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகு. தொழிற்சங்கம் பிடித்துவிட்ட பஸ்ஸில் மே தினக் கூட்டத்துக்குப் போனவர், கூட்டம் கலைந்ததும் காலிமுகத்திடலில் சற்று நேரம் நின்றிருக்கிறார். அலையில் கால் நனைத்தீர்களா என்று கேட்டால், "அதுக்குள்ள பஸ்ஸுல ஏறச் சொல்லிட்டாங்க" என்பார்.

எங்கள் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போகாதவர்கள் இல்லை. என் அம்மாயி திருச்சி ஜில்லாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். ரயிலில் மண்டபம், அங்கே முகாமில் சில நாட்கள் அடைத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, நோயில்லை என்று உறுதியான பிறகு பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி கோச்சியில் கொழும்பு. பிறகு களனிவெளிச் சின்ன ரயில் பாதையில் இரத்தினபுரி. அந்தச் சின்னப் பாதை இரத்தினபுரிக்கு வந்தது 1912இல். தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். கொழுந்துக்கும் ரப்பர்ப் பாலுக்கும் ஆள் தேவைப்பட்ட காலத்தில் இருப்புப் பாதையும் கப்பலும் எவ்வளவு சீராக ஒன்றோடொன்று பொருந்தின என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

அந்த நாளில் போய் வந்தவர்களும் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கென்றும் கல்யாணத்துக்கென்றும் சேர்த்த காசோடு கடல் தாண்டிப் போய், தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். 1939இல் இந்திய அரசு தொழிலாளர்கள் இங்கே வருவதைத் தடுத்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாடில்லாதவருக்குப் பாஸ்போட் ஏது? 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினை எங்கள் வீட்டுக்குள்ளும் நடந்தது. அம்மாவின் அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட வீட்டில் இந்தியாவுக்கு எழுதினார்கள். ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் வளர்ந்த அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். எழுபதுகளில் பெரியம்மா தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறினார். அப்படிப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலைநாட்டு ஸ்டேஷன்களில் அழுகைக் கோச்சி என்றார்கள். அழுதுகொண்டே வழியனுப்பியவர்களில் அம்மாவும் ஒருவர். அதன் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவேயில்லை.

இங்கே தங்கியவர்களும் நிம்மதியாக ஓரிடத்தில் இருந்துவிடவில்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்தில் லயங்கள் எரிந்தபோது, கட்டிய துணியோடு வவுனியாவுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் பாடசாலைக் கட்டிடங்களுக்குப் போனார்கள். வெள்ளம் வந்தால் இன்றும் போகிறோம். இப்படிப் பல தலைமுறையாகப் பெட்டி கட்டிப் பழகிய கைகளுக்கு, பெட்டி கட்டுவது என்றாலே ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்றுதான் பொருள். அம்மா கேட்டதில் தப்பேயில்லை.

இருந்தாலும் போனோம்.

கட்டுநாயக்கவில் விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் மதுரை. பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, தன் பிள்ளைகளோடு கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருந்தார். பெரியம்மா தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கடைசிவரை கொழுந்தெடுத்து, அங்கேயே கண்மூடியவர். இங்கே கொழுந்து, அங்கேயும் கொழுந்து, நாடுதான் வேறு. அக்காவைக் கண்டதும் அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்படியே அவ மூஞ்சி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் ஒரே வேனில் ஏறினோம்.

மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், வெடித்த கண்மாய், வெள்ளை வெயில். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும். மழையும் அட்டையும் ஈரமான விறகும் எங்கள் வாழ்க்கை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நெடுநேரம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த மாதிரி மண்ணவிட்டுத்தான் நம்ம ஆளுக வந்திருக்காங்க. பின்ன வராம என்ன செய்வாங்க" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பஞ்சம், கங்காணி, கடன் என்று பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் விஷயம்தான் அது. பாடத்தில் நான் சொல்லாத ஒன்று அம்மாவின் குரலில் இருந்தது: வந்தவர்கள்மேல் அவருக்கு இத்தனை நாளும் ஒரு கோபம் இருந்திருக்கிறது. ஏன் வந்தார்கள், ஏன் எங்களை இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்ற கோபம். அந்தத் தார்ச் சாலையில் அது ஆறியதை நான் பார்த்தேன்.

மண்டபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது கேம்ப் எந்தப் பக்கம் என்று அம்மா சாரதியிடம் கேட்டார். அம்மாயி அடைபட்டிருந்த இடம். பெரியம்மா கரையிறங்கியதும் பதிவுக்காகக் கொண்டுபோகப்பட்ட இடம். யுத்தம் தொடங்கிய பிறகு எங்கள் தீவிலிருந்து படகில் தப்பிப் போனவர்களுக்கும் அதே இடம்தான் அகதி முகாம். இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு நூற்றாண்டாக ஒரே இடம், ஒரே விதமான ஆட்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும் இடமாக்க எனக்கு மனமில்லை. வேன் கேம்ப் பக்கம் நிற்காமல் போனது.

பாம்பனில் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்றபோது பக்கத்தில் 1914ஆம் ஆண்டு ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் தெரிந்தன. புதியதில் 72.5 மீற்றர் நீளமான நடுத்துண்டு அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் என்று என் மகன் அக்காவின் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அம்மாவின் கண் பழைய பாலத்தில்தான். அம்மாயி அதில்தான் வந்தார். பிள்ளைகளுக்கு அதையும் காட்டினேன். பார்த்தார்கள், மறுபடி புதிய பாலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கொஞ்சம் மனம் சுருங்கியது. பிறகு யோசித்தேன்: பத்து வயதுப் பிள்ளை தன் பூட்டிக்காக எவ்வளவு நேரம் கலங்கி நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்? யாருக்காக எதிர்பார்க்கிறேன்?

மறுநாள் கோயில். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, அக்னி தீர்த்தக் கரையில் பெரியம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். அக்கா அழுதார். அம்மா அழவில்லை, அக்காவின் தலையைத் துவட்டிவிட்டார்.

தனுஷ்கோடிக்கு இப்போது நல்ல சாலை. 2017 முதல் அரிச்சல்முனை வரைக்கும் வேனில் போகலாம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் அந்த ஊரே போய்விட்டது. ஸ்டேஷன், தேவாலயம், ரயிலோடு பயணிகளும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்ப நாள் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்து இறங்கவேண்டிய துறையையே கடல் எடுத்துக்கொண்டது. கப்பலை இராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. யுத்தத்தினால் 1984இல் கப்பல் நின்றபோதுதான் அது நின்றது.

முனையில் ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் சீறும் ஆண்கடல் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். எதிரே 30 கிலோமீட்டர் அளவில் தலைமன்னார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மணலில் உருண்டார்கள். கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்றதை வாங்கித் தின்று கத்தினார்கள். அக்காவும் நானும் அம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். அலை முழங்கால் வரை வந்து அடித்ததும் அம்மா பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

அங்கே நின்றபோதுதான் அம்மாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. 2023இல், மலையகம் வந்து இருநூறு வருஷம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடைபயணத்தை நான் மனதார மதிக்கிறேன். முன்னோர் விழுந்து மடிந்த வழியை யாராவது நடந்து காட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வரலாற்றைச் சொல்லும் மேடை எல்லாவற்றிலும் கண்ணீர் மட்டுமே இருப்பது எனக்கு ஒப்புதலில்லை. அம்மாயி கடந்துவந்த கடலில் கொள்ளுப்பேரன் கும்மாளம் போட்டால் அவருக்கு அவமரியாதையா? அம்மாயியிடமிருந்தும் பெரியம்மாவிடமிருந்தும் பிடுங்கப்பட்டது கூலி மட்டுமில்லை. எங்கே போவது, எப்போது போவது, போனால் எப்போது திரும்புவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமையும் பிடுங்கப்பட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் நாடற்றவர் என்ற பெயர் எங்கள் மத்தியில் ஒழிந்தது. அம்மாவின் கைப்பையில் இந்தப் பயணத்துக்காக எடுத்த புதிய பாஸ்போட்டும், திரும்பி வருவதற்கான டிக்கட்டும் இருந்தன. அவருடைய அக்காவுக்கு இரண்டாவது கிடைக்கவில்லை. போய், பார்த்து, சிரித்து, சலித்து, வீட்டு நினைப்பு வந்து, தன் அடுப்படிக்குத் திரும்புவது பணக்காரர் பொழுதுபோக்கு என்று நான் இனிச் சொல்லமாட்டேன். லயத்தில் யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் கோயிலைக் காரணம் சொல்லவும் மாட்டேன்.

காசு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் லயத்தில் இன்னும் பெரும்பாலான வீடுகளுக்கு இது எட்டாது. சீட்டுப் பிடித்துக் கதிர்காமம் போய்வருவதே பெரிது. நாள் சம்பளத்தைப் பேசும்போது சோறும் மருந்தும் பள்ளிக்கூடமும் சொல்கிறோம். வருஷத்தில் ஒரு தடவை பிள்ளைகளோடு எங்காவது போய்வரும் செலவையும் சொல்ல வேண்டும் என்று தொழிற்சங்கத்தில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துத்தான் கேட்டுக்கொண்டான்.

இப்போது அக்கா இங்கே வரத் துடிக்கிறார். பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதல்லவா, அதில் வந்து வேன் பிடிக்கலாம் என்று அவருடைய மகன் வழி சொல்லிவிட்டான். அவர் பார்க்க விரும்புவது ஒன்றைத்தான்: பெரியம்மா பிறந்த லயம், அந்தக் காம்பரா, பெரியம்மா கதை கதையாகச் சொன்ன பீலிக்கரை. கட்டாயம் காட்டுவேன். ஆனால் நேரே எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டாம், முதலில் எல்லோருமாகத் திருகோணமலைக்குப் போய் நிலாவெளியில் இரண்டு நாள் இருப்போம் என்று நான் சொல்கிறேன். அங்கே நம் வீட்டுக்காரர் யாரும் கப்பல் ஏறவில்லை, இறங்கவுமில்லை, பிள்ளைகள் குளிக்கட்டும் என்கிறேன். "அம்மா ஊரப் பாக்காம கடல்ல போய் என்ன குளிப்பு?" என்கிறார் போனில். அம்மா என் பக்கம். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.