துறவிக்கு எதற்கு வழக்கு?

அனைத்தையும் துறந்த ஒருவருக்கு நிலம் எதற்கு? அரசு அதை எடுத்துக்கொள்ளும்போது நீதிமன்றப் படியேறுவது பற்றின் அடையாளம் அல்லவா? நம் நாட்டின் அரசியல் சாசன வரலாற்றிலேயே மிக முக்கியமான வழக்கு ஒரு துறவியின் பெயரால் வழங்குவதைக் காணும்போது இக்கேள்வி எழாமல் இராது.

கேரளத்தின் வடகோடியில், காசர்கோட்டுக்கு அருகில் அமைந்துள்ளது எடநீர் மடம். ஆதிசங்கரரின் சீடரான தோடகாசாரியாரின் மரபில் வந்ததாகப் போற்றப்படும் இம்மடத்தின் பீடத்தை இளம் வயதிலேயே ஏற்றவர் கேசவானந்த பாரதி சுவாமிகள். 1963-இல் இயற்றப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பட்டபோது, மடத்தின் நிலங்கள் கைவிட்டுப் போகும் நிலை உண்டாயிற்று. 1970-இல் சுவாமிகள் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

அந்தச் சட்டத்தின் பின்னாலும் ஓர் அறம் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவனுக்குத் தான் உழுத மண்ணில் உரிமை இல்லாதிருந்தது. அந்த அநீதியைக் களைய முனைந்த அரசைப் பகைவனாக எண்ணுவது முறையன்று. ஆகவே இதை தர்மத்திற்கும் அதர்மத்திற்கும் நடந்த போராகக் கொள்ள இயலாது. இரண்டு தர்மங்கள் எதிரெதிரே நின்ற இடம் இது.

அவ்வாறாயின் சுவாமிகள் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? என்னுடையதை நான் விட்டுக்கொடுத்தால் அது தியாகம். பிறர் என்னிடம் ஒப்படைத்ததை விட்டுக்கொடுத்தால் அது கடமை தவறுதல். மடத்து நிலம் மடாதிபதியின் சொத்து அன்று. பூஜைக்கும் அறப்பணிகளுக்கும் என்று முன்னோர் வைத்துச் சென்றது. அதன் காவலராக இருப்பவர், தமக்கென எதையும் விரும்பாதவராயினும், அதற்காகக் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்.

நிலம் கைமாறுவதே குற்றம் என்பதில்லை. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், வினோபா பாவே நிலமற்றோருக்காக வேண்டியபோது, நிலவுடைமையாளர் ஒருவர் 100 ஏக்கர் அளிக்க முன்வந்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. மனமுவந்து கொடுக்கும்போது பெறுபவன் வாழ்வு பெறுகிறான். கொடுப்பவன் உள்ளத் தூய்மை பெறுகிறான். சட்டத்தால் எடுக்கும்போது இரண்டாவது பயன் கிட்டுவதில்லை. எனவே, பொதுநலன் கருதி எடுக்கும் அரசும் முறையையும் அளவையும் பேண வேண்டும். அந்த அளவை வகுப்பவர் யார்? அரசின் அதிகாரத்திற்கு எல்லை உண்டா? எடநீர் வழக்கு இந்தக் கேள்வியாகவே வளர்ந்தது.

13 நீதிபதிகள் 68 நாட்கள் வாதங்களைக் கேட்டனர். 1973 ஏப்ரல் 24 அன்று, 7 பேர் ஒருபுறமும் 6 பேர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நிலச் சீர்திருத்தமோ நிலைபெற்றது. சுவாமிகள் நாடிய நிவாரணம் கிட்டவில்லை. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தத்தால் சொத்துரிமையே அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீங்கி, சட்ட உரிமையாக மட்டும் எஞ்சியது. ஆயினும் 1975-இல், நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்பட்டதாக்க முயன்ற திருத்தத்தின் பகுதியை நீக்க உச்ச நீதிமன்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது அந்தத் தீர்ப்பே.

மடம் இழந்தது; நாடு பெற்றது. பலனைத் தன் கையில் வைத்துக்கொள்ளாத செயலின் இயல்பு இதுவே. 2020 செப்டம்பர் 6 அன்று முக்தியடையும் வரை சுவாமிகள் அந்த மடத்திலேயே பணிபுரிந்தார்.

இன்றும் சாலைக்காகவோ ஆலைக்காகவோ நிலம் கேட்டு அறிவிப்பு வரும்போது, உடையவர் உள்ளம் கொதிக்கிறது. எதிர்க்கலாமா, கூடாதா என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு. நான் காப்பது என் பெருமையையா, என்னை நம்பியோரின் வாழ்வையா? எதிர்த்தரப்பில் நிற்கும் ஏழையின் பசி என் கண்ணில் படுகிறதா? தோற்றாலும் பகையின்றி என் கடமைக்குத் திரும்ப என்னால் முடியுமா? இவற்றுக்கு நேர்மையாக விடையளிக்க வல்லவர் எதிர்த்தாலும் அது அறம். கொடுத்தாலும் அது அறம்.