யாருக்கு நிம்மதி

“கர்ப்பப்பையை எடுத்துடுடி. உனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. விழுப்புரம் போனா சத்தமில்லாம முடிச்சுடலாம்.”

சொன்னவர் கெட்டவர் அல்ல, என் பெரியம்மா. ராஜகிரி தெரியும் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாதவிடாய் தொடங்கி மூன்று மாதம். நாப்கினைப் பிய்த்துத் திண்ணையில் போடுவாள், அலறுவாள். “நாலு வயசு அறிவு” என்பார்கள் அவளை. நாலு வயதுக்கு மார்பு வளருமா?

நான் உடனே மறுக்கவில்லை. இரண்டு இரவு யோசித்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களை, அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களை, புனே சசூன் மருத்துவமனையில் சேர்த்துக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். சுகாதாரம் என்றார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகே நின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 10ஆம் பிரிவில், விவரம் அறிந்த சுதந்திரமான சம்மதமின்றிக் கருத்தரிக்க முடியாமல் ஆக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது.

சட்டம் சரி. இவளிடம் சம்மதம் எப்படிக் கேட்பது? “இட்லியா, தோசையா?” என்றால் “தோசை” என்பாள். “தோசையா, இட்லியா?” என்றால் “இட்லி”. கடைசியாகக் காதில் விழுந்ததுதான் அவள் பதில். நான் கேட்டு வாங்கும் சம்மதம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அவளுக்காக நானே முடிவெடுக்கலாமா? சொத்தைப் பல்லைப் பிடுங்க நான்தானே முடிவெடுத்தேன். ஆனால் அந்தப் பல் வலித்தது அவளுக்கு. கர்ப்பப்பையில் நோய் எதுவும் இல்லை. துவைப்பதும், வேலைக்கு லீவு போடுவதும், தெருவின் பார்வையைத் தாங்குவதும் என் கஷ்டங்கள். அலறல்கூட ரத்தத்தைப் பார்த்து அல்ல, நான் பதறி அவளைப் பிடித்து இழுத்ததால் என்று பிறகுதான் புரிந்தது.

பெரியம்மாவின் இன்னொரு காரணம் பாதியில் நின்றது: “நாளைக்கு எவனாவது...” கர்ப்பப்பை இல்லையென்றால் எவனும் தொடாமல் விட்டுவிடுவானா? தொட்டது வெளியே தெரியாது, அவ்வளவுதான். அது யாருக்குப் பாதுகாப்பு?

காலண்டரில் சிவப்புப் பொட்டு ஒட்டினோம். ஜட்டியில் நாப்கின் வைக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டேன். நான் வைத்துக்கொள்வதைப் பார்க்கச் சொன்னேன்; அதற்கு எனக்குத்தான் கூச்சம் அதிகம். எட்டு மாதம் ஆனது. இன்றும் சில நாள் திண்ணையில் கிடக்கும்.

போன மாதம் குளியலறைக்குள் உதவப் போனேன். “அம்மா போ” என்று கதவைச் சாத்தினாள். வெளியே நின்றேன். இட்லியா தோசையா என்றால் இன்னும் கடைசியாகச் சொன்னதையே சொல்கிறாள்.